துண்டு: நம் கடனை எழுதியவர்கள்

மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 28ஆம் சட்டம், சீட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்தக்கூடாது என்று தடுக்கும் சட்டம். அதன் ஆங்கிலத் தலைப்பிலேயே 'கூட்டு' என்று நம் சொல்லை அப்படியே போட்டிருப்பார்கள். மலாயில் அது 'குத்து' ஆகிவிட்டது. பத்துப் பேர் மாதாமாதம் பணம் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுத்துக்கொள்ளும் அதே கூட்டுதான். நம் அம்மாக்கள் பலர் கட்டியது, இன்னும் கட்டிக்கொண்டிருப்பது.

இதோடு இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நம்முடைய 'முதல்' மலாயில் 'மொடால்' ஆனது. வியாபாரம் தொடங்கும் எவரும் இன்று மொடால் இல்லாமல் பேச முடியாது. 'செட்டி' என்ற சொல்லுக்கு மலாய் அகராதியில் வட்டிக்குக் கடன் கொடுப்பவர் என்று பொருள். அவர் எந்த ஊரைச் சேர்ந்தவர், என்ன சாதி என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குத் தேவைப்படவில்லை.

கூட்டு, முதல், செட்டி. பணத்தைப் பற்றிப் பேச நாம் இந்த மண்ணுக்கு மூன்று சொற்களைக் கொடுத்திருக்கிறோம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டிகள் இந்தச் சொற்களின் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள். கணக்கேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. ஏடு அவர்கள் கையில் இல்லை.

நான் வரலாறு படித்தவன் அல்ல. பொறியியல் படித்தேன், அதுவும் உள்ளூர்ப் பொதுப் பல்கலைக்கழகத்தில், பி.டி.பி.டி.என். கடனில். பட்டம் வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து அந்தத் தவணை கழிகிறது. அது கழியும் நாளில் ஒரு கேள்வி வரும்: நம்ம ஆளுங்க வாங்கிய முதல் கடன் எது? அதை யார் எழுதி வைத்தார்கள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

கடலைக் கடந்த கடன்

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளிக்கு இங்கே கால் வைக்கும்போதே சொந்தமாக இருந்தது ஒன்றுதான், அது கடன். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலியாக வந்தவர்களுக்கு ஒப்பந்தம் பொதுவாக மூன்றாண்டு. கப்பல் கூலியும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டன, பிறகு சம்பளத்தில் பிடிக்கப்பட்டன. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர் பினாங்கில் இறங்கும்போது அவருக்கென்று ஒரு பக்கம் ஏட்டில் திறக்கப்பட்டிருக்கும்.

காப்பியும் பிறகு ரப்பரும் வந்தபோது கங்காணி முறை வளர்ந்தது. இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்கள் மலாயாவுக்கு வந்தபோது இந்த முறையும் அவர்களோடு வந்தது. துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி தன் ஊருக்குப் போவார். வரச் சம்மதிப்பவரின் உள்ளூர்க் கடனை அடைப்பார், ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு, கப்பல் செலவு பார்ப்பார். எல்லாம் கூலியாளின் தலையில். ஊரிலிருந்த கடனிலிருந்து விடுபட வந்தவர் கடலைக் கடந்து அதே கடனை வேறு ஆளிடம் மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். இதற்கு மேல், தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கில் கங்காணிக்குத் தலைக்காசு வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்தக் கடனின் நோக்கம் வட்டி சம்பாதிப்பதல்ல. ஆளை ஓரிடத்தில் நிறுத்துவது. கடன் தீராதவரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதிகக் கூலி கிடைத்தாலும் முடியாது, பக்கத்துத் தோட்டத்தில் அக்காள் குடும்பம் இருந்தாலும் முடியாது. பணத்தால் கட்டிய வேலி என்று சொல்லலாம்.

1907ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி உருவாக்கப்பட்டது. பின்னால் அது இந்தியர் குடியேற்ற நிதி ஆனது. தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப முதலாளிகள் இந்த நிதிக்குப் பணம் கட்டவேண்டும், அதிலிருந்து கப்பல் செலவு பார்க்கப்படும். தாராள மனதால் வந்த ஏற்பாடு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரப்பருக்கு ஆள் வேண்டும், ஒருவர் செலவு செய்து கொண்டுவந்த ஆளை இன்னொருவர் இழுத்துக்கொள்ளக்கூடாது, எனவே செலவை எல்லாரும் பங்கு போடுங்கள் என்ற கணக்குதான். ஆனாலும் விளைவு பெரியது. சட்டத்தின் பார்வையில் பினாங்கில் இறங்கும் கூலியாள் இனிக் கடனாளி அல்ல. 1910இல் சஞ்சி முறையும் நிறுத்தப்பட்டது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிச் செலவில் கூலிகளை அனுப்புவதையே தடை செய்தது.

சட்டம் கப்பல் கடனைத்தான் எடுத்தது. தோட்டத்துக் கடையில் பற்று எழுதுவதை எந்தச் சட்டமும் எடுக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் மந்தம் வந்தபோது அது 40க்கும் 32க்கும் இறங்கியது. அரிசியும் கருவாடும் பற்றில் வாங்கி, சம்பளத்தன்று கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் மறுபடியும் பற்று. தமிழில் 'பற்று' என்றால் செலவு எழுதுவது, பிடிப்பு, பாசம் எல்லாமும்தான். அந்த வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

துண்டு

இலங்கை மலையகத்தில் இந்தக் கடனுக்கு ஒரு காகித வடிவம் இருந்தது. அதன் பெயர் துண்டு. ஆங்கிலேய அதிகாரிகளும் தங்கள் அறிக்கைகளில் இந்தத் தமிழ்ச் சொல்லையே எழுதினார்கள்.

ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்தை விட்டுப் போக விரும்பினால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இந்தக் கூட்டத்தின் மொத்தக் கடன் இவ்வளவு, இதைக் கட்டுபவரிடம் இவர்களை அனுப்பத் தயார் என்று அதில் இருக்கும். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு வேறு துரைகளைப் பார்ப்பார். ஒருவர் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். அவர் கட்டிய தொகை, கூடவே கங்காணி புதிதாகக் கேட்டு வாங்கும் முன்பணம், இரண்டும் சேர்ந்து புதுத் தோட்டத்தில் புதுக் கடனாக எழுதப்படும். ஒவ்வொரு நகர்விலும் கடன் பெருத்தது. கூட்டத்தின் மொத்தக் கடனில் தன் பங்கு எவ்வளவு என்று தனி ஆளுக்குத் தெரிவது அரிது. துண்டு யாரைப் பற்றிப் பேசியதோ அவர் அதைப் படிக்க முடியாதவர்.

1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

மலாயா கட்டுரையில் இலங்கைத் துண்டு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணம். முதலாவது, கங்காணி முறை இங்கே வந்ததே அங்கிருந்துதான். இரண்டாவது, கடன் விவரம் என்பது ஒரு மனிதனின் நடமாட்டத்தை முடிவு செய்யும் காகிதமாக மாறுவதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இன்னொரு பொருளை நம் வரலாற்றில் நான் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பின்னால் வேறு இடத்தில் மறுபடியும் பார்ப்போம்.

செட்டித் தெரு

ஏட்டின் மறுபக்கத்தில் இருந்தவர்களும் தமிழர்கள்தான். நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவுக்குத் தமிழர்கள் வைத்த பெயர் செட்டித் தெரு. கோலாலம்பூரில் லெபோ அம்பாங். அவர்களின் கடைகள் கிட்டங்கி என்ற நீண்ட கட்டடங்களில் இருந்தன. ஒரு கிட்டங்கிக்குள் பல பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு முதலாளியின் முகவர், தரையில் உட்கார்ந்து எழுதச் சிறு மேசை. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வது அந்தத் தொழிலின் படிக்கட்டு. மூன்றாண்டு இருந்துவிட்டு ஊருக்குப் போய் வருவார்கள். 1859இல் சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டியவர்கள் இவர்களே.

அன்றைய ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்ச் சின்ன வியாபாரிக்குக் கடன் கொடுக்காது. செட்டியாருக்குக் கொடுக்கும். செட்டியார் சீன ஈயச் சுரங்கக்காரருக்கும் மலாய் நிலக்காரருக்கும் கொடுப்பார். சம்பளக்காரக் கிராணிகளும் அவரிடம்தான் வந்தார்கள். இந்தக் கடைசிக் கூட்டம் நமக்கு முக்கியம். இங்கிலீஷ் படித்து, அரசாங்க வேலையில் உட்கார்ந்து, மாதச் சம்பளம் வாங்கியவர்கள். இன்றைய பட்டதாரியின் மூதாதை என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் இவர்களைத்தான் சொல்லவேண்டும். சட்டை வெள்ளையாக இருக்கவேண்டும், தங்கைக்குக் கல்யாணம் செய்யவேண்டும், ஊருக்குப் பணம் அனுப்பவேண்டும். முதல் உலகப்போருக்குப் பின் விலைவாசி ஏறியபோது அரசாங்க ஊழியர்களின் கடன் காலனி அரசுக்கே தலைவலியானது. அதிலிருந்து பிறந்ததுதான் கூட்டுறவு இயக்கம். 1922இல் சட்டம் வந்தது, அதே ஆண்டில் அஞ்சல், தந்தி ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் மலாயாவின் முதல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது. சிங்கப்பூரில் 1925இல் அரசாங்க ஊழியர் சங்கம். சம்பளம் வாங்குகிறவர்கள் தங்களுக்குள் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டால் வட்டிக்கடைக்குப் போகவேண்டாம் என்பதுதான் யோசனை. கூட்டு கட்டுவதற்குச் சட்டையும் டையும் மாட்டிவிட்டது மாதிரி.

1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது அடமான நிலங்கள் செட்டியார்களிடம் போயின. மலாய் நிலங்கள் கைமாறுவதைத் தடுக்க 1913லேயே மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்திருந்தது. 1931இல் சிறு நிலங்களை ஏலம் விடுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டுகளில் வேலையிழந்த லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களில் ஒரு சாராரிடம் நிலம் சேர்ந்தது, இன்னொரு சாரார் பாய் சுருட்டிக் கப்பல் ஏறினார்கள். 'மலாயாத் தமிழர் வரலாறு' என்று ஒருமையில் சொல்லும்போது இந்தப் படம் என் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

செட்டியார் கதையின் மிச்சம் நம் பணப்பையிலேயே இருக்கிறது. 1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் தொடங்கினார். அடுத்து அது பினாங்குக்கு வந்தது. 1969இல் இந்தியா பெரிய வங்கிகளைத் தேசியமயமாக்கியது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கக்கூடாது என்று மலேசியா முடிவெடுத்தது. எனவே 1973இல் இங்கிருந்த மூன்று இந்திய வங்கிகளின் கிளைகள் சேர்ந்து யுனைடெட் ஏஷியன் வங்கி ஆயின. 1990களின் தொடக்கத்தில் அது பேங்க் ஆஃப் காமர்சோடு இணைந்தது, அது 1999இல் பூமிபுத்ரா வங்கியோடு இணைந்தது. இன்று அதன் பெயர் சி.ஐ.எம்.பி. அந்தச் சிவப்பு அட்டையை மெஷினில் செருகும்போது அதன் குடும்ப மரத்தில் செட்டியார் ஒருவர் இருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளலாம். ரசீதில் தெரியாது.

வெள்ளி வெள்ளியாக

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். இந்தத் துண்டு வேறு துண்டு, ஆனால் பாதிக்கப்பட்டவர் அதே ஆள்தான். வேலை போனால் லயன் வீடும் போகும். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். பால்மரம் வெட்டுகிறவர்கள் தவணையாகப் பணம் கட்டி, தாங்கள் வேலை செய்யும் நிலத்தைத் தாங்களே வாங்குவது என்பது கனவு மாதிரித்தான் இருந்திருக்கும். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். அந்தச் சங்கத்தின் பின்னாளைய கதையைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு. ஆனால் கடனாளியாகக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் பங்குதாரர் என்று கையெழுத்துப் போட்ட முதல் காகிதம் அநேகமாக அதுதான். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைத்தார்கள்.

இன்னொரு பக்கம் சத்தமில்லாமல் சேர்ந்தது ஊழியர் சேமநிதி. 1951இல் சட்டமாகி, தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் முதலாளியின் கையிலிருந்தும் மாதாமாதம் பிடித்து வைத்தது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பாஸ் புத்தகம் 1974 டிசம்பரில் பி.எஸ்.என். புத்தகமாக மாறியது. எங்கள் வீட்டில் பாட்டியின் பி.எஸ்.என். புத்தகம் அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கும். பாட்டிக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். கடைசி வரியை விரலால் தொட்டு, "இம்புட்டு வெள்ளி இருக்கு" என்பார். ரிங்கிட் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏட்டின் ஒரு வரியைத் தானே படிக்க முடிந்தது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

1997

தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போவதற்கு நெடுங்காலம் இருந்தவை சில உபகாரச் சம்பளங்கள், அம்மாவின் நகை, அப்பாவின் சேமநிதி. 1990களில் நாடு பட்டதாரிகளின் எண்ணிக்கையைப் பெருக்க முடிவு செய்தது. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம். அடுத்த ஆண்டு தேசிய உயர்கல்வி நிதிக் கழகச் சட்டம், அதாவது பி.டி.பி.டி.என். அது நடப்புக்கு வந்த நாள் 1997 ஜூலை 1. மறுநாள் தாய்லாந்து தன் பாட் நாணயத்தை மிதக்கவிட்டது, ஆசிய நாடுகளின் பணம் ஒவ்வொன்றாகச் சரிந்தது. நம் கல்விக்கடனுக்கும் நம் பெற்றோர் இன்னும் பேசும் அந்தப் பொருளாதார வீழ்ச்சிக்கும் வயது ஒன்றுதான்.

இங்கிலாந்தில் படிக்கும் நண்பர்களுக்கு மாணவர் வங்கிக் கணக்கோடு மேல்பற்று என்று ஒரு வசதி கிடைக்கும். கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக, வட்டியில்லாமல், ஓர் எல்லைவரை எடுத்துக்கொள்ளலாம். பட்டம் வாங்கியபின் அது பட்டதாரிக் கணக்காக மாறி, வட்டியில்லாத எல்லை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். அதற்குள் அடைத்துவிடவேண்டும். இந்த மேல்பற்று பழைய சரக்கு. 1728இல் ஸ்காட்லாந்தின் ராயல் வங்கி, வில்லியம் ஹாக் என்ற வியாபாரியை அவர் கணக்கில் இருந்ததைவிட 1000 பவுண்டு அதிகமாக எடுக்க அனுமதித்ததில் தொடங்கியது. நம்மூரில் மாணவருக்கு மேல்பற்று கிடையாது. இங்கே மேல்பற்று என்பது பெரும்பாலும் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளின் சங்கதி. நமக்குப் பருவம் தொடங்கும்போது பி.டி.பி.டி.என். பணம் மொத்தமாக வந்து விழும், கட்டணம் போக மிச்சத்தில் மெகி மீயும் பெட்ரோலும். அக்கா கல்யாணத்துக்கும் ஒரு பங்கு போயிருக்கும். வீட்டுக்கு அனுப்பாத பிள்ளைகள் நம்மில் குறைவு.

கணக்கை வெளிப்படையாகப் போட்டுப் பார்க்கலாம். ஆரம்பத்தில் இருந்த கூடுதல் விழுக்காடு 2008இல் 1 விழுக்காடு உஜ்ராவாக, அதாவது சேவைக் கட்டணமாக மாறியது. 24,000 ரிங்கிட் கடன், 15 ஆண்டு தவணை என்றால் ஆண்டுக்கு 240, மொத்தம் 3,600. எல்லாம் சேர்த்து 27,600. அதை 180 மாதத்தால் வகுத்தால் மாதம் 153 ரிங்கிட் சொச்சம். முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடன் விலக்கு என்ற விதியும் உண்டு, நிபந்தனைகள் அவ்வப்போது மாறும்.

இதைக் கங்காணிக் கடனோடு ஒப்பிடுவது அநியாயம். ஒப்பிட நான் தயாராகவும் இல்லை. 1 விழுக்காட்டுக்குப் பணம் கிடைப்பது எந்தக் கிட்டங்கியிலும் நடக்காத காரியம். யாரும் நம்மை வைத்துத் தலைக்காசு வாங்கவில்லை. கடன் முடிந்தபிறகும் பட்டம் நம்மோடு இருக்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பி.டி.பி.டி.என். அந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறது? அரசாங்க உத்தரவாதத்தோடு சந்தையில் கடன் வாங்குகிறது. கொடுத்தவர்களில் ஊழியர் சேமநிதியும் உண்டு. பால்மரம் வெட்டியவரின் மகன் தொழிற்சாலையில் வேலை செய்து மாதாமாதம் சேமநிதியில் போட்ட காசு சுற்றி வந்து அவருடைய பிள்ளையின் படிப்புச் செலவாகியிருக்கிறது. நமக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நம் அப்பாவும் நிற்கிறார். "தம்பி, பி.டி.பி.டி.என். கட்டிட்டியா?" என்று அவர் கேட்கும்போது, அவருக்கே தெரியாமல், கடன் கொடுத்தவராகவும்தான் கேட்கிறார்.

பன்னிரண்டு கட்டங்கள்

அப்படியானால் துண்டை எதற்கு நினைக்கவேண்டும்?

ஏனென்றால் கடனைக் கொண்டு ஆளின் நடமாட்டத்தைப் பிடிக்கும் யோசனை சாகவில்லை. தவணை கட்டாதவர்கள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்ற தடை ஆண்டுக்கணக்கில் நடப்பில் இருந்தது. 2018இல் ஆட்சி மாறிய பிறகு அந்தத் தடை நீக்கப்பட்டபோது பட்டியலில் இருந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டினால் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட் கிடைக்கும் காலத்தில், கடனை அடைக்கத் தேவையான சம்பளம் அந்தப் பக்கம் இருக்க, கடன் இருப்பதால் அந்தப் பக்கம் போக முடியாது. 1900இன் கூலியாளிடம் இதைச் சொன்னால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். சரியாகவே புரிந்துகொண்டிருப்பார்.

2018இல் அந்தத் தடை போனது. ஆனால் காகிதம் இருக்கிறது. பேங்க் நெகாரா 2001இல் தொடங்கிய சி.சி.ரிஸ் என்ற அமைப்பு நம் ஒவ்வொருவரின் கடனையும் பதிந்து வைக்கிறது. 2015 முதல் பி.டி.பி.டி.என். கடனும் அதில் ஏறத் தொடங்கியது. அறிக்கையை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும், கடந்த பன்னிரண்டு மாதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். எத்தனை மாதத் தவணை பாக்கி என்பதுதான் அந்த எண். 0 என்றால் சுத்தம். 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போனால் கார் கடன், வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அதிகாரியின் முகம் மாறும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகும்போது நம்மைப் பற்றி நமக்கு முன்னால் போய்ச் சேரும் காகிதம் அது. இவரின் கடன் இவ்வளவு, இவரை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். கேட்ட கதையாக இல்லையா?

ஆனால் பழைய துண்டுக்கும் இதற்கும் இரண்டு வித்தியாசம் உண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே அவற்றுக்காகத்தான்.

ஒன்று, இந்தத் துண்டை நாம் வாங்கிப் பார்க்கலாம். பேங்க் நெகாராவிடம் காசு கொடுக்காமல் கேட்டு வாங்கலாம். அது பன்னிரண்டு மாதத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. துண்டில் கடன் தலைமுறை தாண்டியும் ஊறியது. இங்கே ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால் கட்டங்கள் மாறிவிடும். கட்ட முடியாவிட்டால் தவணையை மாற்றியமைக்கும்படி கேட்கலாம். 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற ஆலோசனை நிலையத்துக்கு இலவசமாகப் போகலாம். நம் ஆட்கள் அங்கே போகாமல் ஆலோங்கிடம் போவதற்குக் காரணம் பணமில்லாமை மட்டுமல்ல, வெட்கம். கடன் என்றால் குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. லயத்துக்குள்ளிருந்து அது நம்மோடு வந்திருக்கிறது.

இரண்டாவது வித்தியாசம்தான் பெரியது. நமக்குப் படிக்கத் தெரியும். துண்டில் எழுதியிருப்பதைக் கங்காணி சொன்னால்தான் உண்டு என்ற நிலையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வட்டி விழுக்காடு, நிலையான வட்டியா குறையும் வட்டியா, தானியங்கிப் பிடித்தம் எந்தத் தேதி என்பதையெல்லாம் யாரையும் கேட்காமல் வாசிக்கக்கூடிய முதல் தலைமுறை பல குடும்பங்களில் நாம்தான். அப்படியிருந்தும் என் வயதுக்காரர்களில் எத்தனையோ பேர் பி.டி.பி.டி.என். அறிக்கையைத் திறக்காமலே வைத்திருக்கிறார்கள். கேட்டால், "பார்த்தா பயமா இருக்குலா" என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் திறந்த கணக்கில் இருபது ரிங்கிட்டை விட்டுவிட்டு வேறு வங்கிக்குப் போய்விடுகிறார்கள். ஓராண்டு அசைவில்லாமல் கிடந்தால் அது உறங்கும் கணக்கு ஆகிவிடும், ஆண்டுக்கணக்கில் கிடந்தால் 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி அரசாங்கப் பதிவாளரிடம் போய்ச்சேரும். இருபது ரிங்கிட் பெரிய காசில்லைதான். பாட்டியாக இருந்தால் அதையும் விரலால் தொட்டு எண்ணியிருப்பார்.

இலக்கியத்தில் நாம் கூலித் தாத்தாவைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அவருடைய வியர்வையை எழுதினோம், ரத்தத்தை எழுதினோம். அவருடைய கணக்கை எழுதியவர்கள் குறைவு. தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகங்கள், கூட்டுச் சீட்டுகள், சங்கப் பங்குப் பத்திரங்கள், பழைய பாஸ் புத்தகங்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். ஒரு பாஸ் புத்தகத்தை வரி வரியாக வாசித்தால் ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டு தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரம் எடுத்தது, பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போனபோது எடுத்தது, யாரோ இறந்தபோது மொத்தமாக எடுத்தது. எந்த நாவலாசிரியரும் அவ்வளவு நேர்மையாக எழுதியிருக்க மாட்டார்.

எனவே இரண்டு வேலை சொல்கிறேன். வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தால் தூக்கிப் போடவேண்டாம், முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் சொந்த அறிக்கையை எடுத்து, அந்தப் பன்னிரண்டு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படியுங்கள். எண் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. நூறாண்டுக்கு மேலாக நம் கடனை மற்றவர்கள் எழுதினார்கள், மற்றவர்களே வாசித்தார்கள். எழுதுவது இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வாசிப்பது நம் கைக்கு வந்துவிட்டது.